நினிவேக்குப் போன இரண்டு வாக்குகள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

மே மாதம் நெருங்கினால் வன்னியில் எந்தப் பங்குக் கோவிலுக்குப் போனாலும் குருக்களாகிய எங்களுக்கு ஒரு கேள்வி காத்திருக்கும். "நாங்கள் என்ன பாவம் செய்தோம், சுவாமி?" 2009இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிறார்கள். அது கடவுள் தந்த தண்டனை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சை ஆண்டவர் இயேசுவே ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்களா குற்றவாளிகள் என்று கேட்டு, "இல்லை" என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13ஆம் அதிகாரம். மனம் மாறுங்கள் என்ற எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது, ஆனால் அது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்கள் மேல் அவர் ஒரு பழியும் போடவில்லை.

இன்னொரு பதிலும் எங்களிடம் கைவசம் இருக்கிறது. கடவுள் இரக்கமுள்ளவர், நீங்களும் மறந்து மன்னித்துவிடுங்கள். கேட்க இதமானதுதான். ஆனால் இதைச் சொல்லுமுன் வேதாகமத்தில் இரண்டு சிறிய நூல்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். யோனா, நாகூம் என்ற இரண்டு இறைவாக்கினரின் நூல்கள்.

இரண்டும் ஒரே நகரத்தைப் பற்றியவை. நினிவே, அசீரியரின் பெருநகரம். யோனாவின் மக்களான வட இஸ்ரயேலரைப் பின்னாளில் சிறைப்பிடித்துக்கொண்டு போனதும் அதே அசீரியர்தான். சீனாய் மலையில் மோசேக்குக் கடவுள் தம்மைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் விடுதலைப் பயணம் 34இல் இருக்கின்றன: இரக்கமுள்ளவர், சினம்கொள்ளத் தாமதிப்பவர், ஆனால் குற்றவாளியைத் தண்டிக்காமல் விடாதவர். நினிவே அழியும் என்று அறிவிக்கப் போன யோனா, அது தப்பியதும் முன்பாதியைச் சொல்லி, ஏன் இவர்களுக்கு இரங்குகிறீர் என்று கடவுளோடு சண்டை போடுகிறார். நாகூமோ பின்பாதியைப் பற்றிக்கொண்டு, இரத்தப்பழி படிந்த நகருக்கு ஐயோ என்கிறார். கிமு 612இல் நினிவே விழுந்தது. இரண்டு வாக்கையும் ஒரே தொகுப்பில் வைத்துக் காத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் ஒன்றையும் அவர்கள் வெட்டவில்லை.

யோனாவின் நினிவே எப்படித் தப்பியது என்பதை நாங்கள் கவனமாக வாசிப்பதில்லை. அரசன் சிம்மாசனத்தைவிட்டு இறங்கினான். சாக்கு உடுத்திச் சாம்பலில் இருந்தான். அதோடு, ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுவிட வேண்டும் என்று கட்டளையும் போட்டான். அவர்கள் தீய வழியை விட்டதைக் கண்டபின்தான் கடவுள் இரங்கினார். செய்ததை ஒத்துக்கொள்ளாமலே கணக்கை மூடிவிடுகிற இரக்கம் அந்த நூலில் இல்லை.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால், 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் உண்டு. அந்த அம்மாமாருக்குக் கடவுள் நீதி தீர்ப்பார் என்பது பயமுறுத்தும் செய்தி அல்ல. தங்கள் பிள்ளையின் பெயரை ஒருவராவது மறக்காமல் வைத்திருக்கிறார் என்பதுதான் அது. தீர்ப்பே அவர்களுக்கு இரக்கமாக வருகிறது. அதை எடுத்துவிட்டு மன்னிப்பை மட்டும் போதித்தால், குற்றம் செய்தவனுக்குத்தான் நாங்கள் ஆறுதல் சொல்கிறோம்.

தீர்ப்பு மற்றவர்களுக்கு மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள். சாம்பலில் இருக்க வேண்டியவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு நூல்களுமே கேள்வியில்தான் முடிகின்றன. உன் ஓயாத கொடுமைக்கு ஆளாகாதவர் யார் என்று நாகூம் நினிவேயைக் கேட்கிறார். வலக்கை இடக்கை தெரியாத 1,20,000க்கு மேற்பட்ட மக்களும் திரளான கால்நடைகளும் உள்ள நகருக்கு நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் யோனாவைக் கேட்கிறார். இரண்டாவது கேள்வியை ஒரு நாள் எங்கள் அம்மாமாரிடமும் கடவுள் கேட்கலாம். அதைக் கேட்கும் உரிமை அவருடையது. குருக்களாகிய எங்கள் வேலை, முதல் கேள்வியை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களிடம் கொண்டுபோய்க் கேட்பது. அதை நாங்கள் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

நன்றி, வணக்கம்.