கணக்குக் கொப்பியில் இல்லாத செலவு

(இலங்கை மலையகத்தின் அட்டனில் மகளிர் சேமிப்புக் குழுக்களின் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் அம்மையார் அவர்களே, பல தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளே, பெரியோர்களே,

சேமிப்பைப் பற்றிப் பேச அழைக்கப்படுபவர்கள் வழக்கமாகச் சாராயத்தில்தான் தொடங்குவார்கள். அந்தச் செலவை வீட்டில் அன்றாடம் பார்க்கிறவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது அதனிலும் சிறிய செலவு: வீட்டில் வளரும் நாயும் புறாவும், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், இளைஞரின் கிரிக்கெட் மட்டை, பெரியவர்களின் தப்புப் பறையும் பூச்சட்டியும். குழுக்களில் எழுதப்படும் குடும்பக் கணக்குக் கொப்பிகளில் அரிசி, மா, சீனி, மருந்து, பள்ளிக்கூடம், சீட்டு, கோயில் சந்தா, ரீலோட் ஆகிய எல்லாம் வருகின்றன. இவை வருவதில்லை, 'சில்லறை' என்ற கடைசி வரிக்குள் போய் மறைந்துவிடுகின்றன.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும்போது, வளர்ப்புப் பிராணிகள், விளையாட்டுப் பொருட்கள், பொழுதுபோக்குகள், விளையாட்டுத் திடல் உபகரணங்கள் ஆகியவற்றை ஒரே தலைப்பின் கீழ் எழுதுகிறது. அந்நாட்டுக் குடும்பத்தின் தொகை நமக்குப் பொருந்தாது. எனினும் அங்கே அது மறைக்க வேண்டிய செலவாக இல்லாமல் பெயருள்ள ஒரு செலவாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாடளாவிய வறுமை 14.3 வீதமாகவும், தோட்டத்துறை வறுமை 33.8 வீதமாகவும் இருந்தன. இந்த இரண்டாவது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, 'சாப்பாட்டுக்கே இல்லாதவர்களுக்கு நாய் எதற்கு, பொம்மை எதற்கு' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. வறிய வீட்டிலும் பிள்ளை விளையாடத்தான் செய்யும். அதற்கான காசு எப்படியும் வெளியே போகும். யோசித்துச் செலவழிக்கிறோமா, நெருக்கடியில் செலவழிக்கிறோமா என்பதே நாம் பேச வேண்டியது.

முதலில் நாயை எடுத்துக்கொள்வோம். 2024 இல் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பின்னர் வந்த உயர்வுகளைச் சேர்க்காமல் பார்த்தால், மாதத்தில் 25 பேர் விழுந்த, அதாவது 25 நாள் வேலை பதிவான ஒருவருக்கு 33,750 ரூபா கிடைக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 2,700 ரூபா கழிந்தால் கையில் 31,050 ரூபா. முற்பணமும் மற்றக் கழிவுகளும் அதன் பிறகு. இப்போது நாயின் தட்டுக்கு வாருங்கள். நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி அதற்கென்று சேர்த்து வடிக்கிறோம் என்றால் மாதத்துக்கு 6 கிலோ ஆகிறது. நாட்டரிசி கிலோ 230 ரூபா என்று 2024 இறுதியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டு விலையில் அது 1,380 ரூபா, அதாவது அந்த ஒரு முழு நாட்சம்பளத்தையும் சற்றே தாண்டிய தொகை. 'மிச்சச் சோறுதானே போடுகிறோம்' என்று சொல்வோம். ஆனால் உலையில் போடும்போதே ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுகிறவருக்கு அது மிச்சமில்லை என்பது தெரியும்.

இதற்காக நாயை விரட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மரக்கறிப் பாத்திக்குக் காட்டுப்பன்றி இறங்கினால் குரைப்பது அதுதான். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவு வெளியே இறங்குமுன் நாயின் குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறோம். அந்தச் சிறுத்தைக்குச் சில வேளை இரையாவதும் அந்த நாய்தான் என்பது வேறு விஷயம். நான் கேட்பது, ஒன்றை ஒழுங்காக வளர்க்கும் வீட்டில் மூன்று ஏன் நிற்கின்றன என்பதையே. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி நகரத்துச் சந்தியில் இறக்கிவிட்டு வரும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பாவம் என்பது ஒருபுறமிருக்க, அந்தக் குட்டிகள் வளர்ந்து, தடுப்பூசி போடாத தெருநாய்களாகி, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளின் வழியிலேயே நிற்கின்றன. கருத்தடையைப் பற்றிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிப்பதற்கு ஒரு நடைதான் செலவு.

நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியை அரசாங்கமே நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. கடிபட்ட மனிதருக்கும் அரச மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் அந்த ஊசி பல தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், பிள்ளை கடிபட்டிருந்தால் தாயின் பேரும் போகும். தடுப்பூசிக் குழு தோட்டத்துக்கு வரும் காலை வேளையில் நாமெல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம். லயத்து வரிசை வீடுகளில் நாயைப் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்காது. ஆகவே வருகிற நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வீட்டில் இருக்கும் தாத்தாவிடம் கயிற்றையும் சென்ற ஆண்டின் தடுப்பூசி அட்டையையும் கொடுத்துவிட்டுப் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போங்கள். அட்டை தொலைந்துபோனால், கடித்த நாய்க்கு ஊசி போட்டதா என்று டொக்டர் கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

விளையாட்டுச் சாமானின் கணக்கு வேறு மாதிரியானது. அது வாங்கப்படுவது தேர்த் திருவிழாக் கடையில், பிள்ளை அழும்போது. அல்லது தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில். பற்றரி போட்டு ஓடும் கார் மூன்றாம் நாள் நிற்கிறது, பற்றரிக்குக் காசில்லை, சில்லு கழன்று இஸ்தோப்புத் திண்ணையில் கிடக்கிறது. முற்பணமோ பல மாதம் சம்பளத்தில் கழிகிறது. அதே பணத்தை நாலு வீடுகள் சேர்த்தால் ஒரு கரம் போர்டு வாங்கலாம். மழைக்காலம் முழுவதும் பிள்ளைகளை அது உட்கார வைக்கும். வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு மரக்கட்டைகளும் படப் புத்தகங்களும் வாங்கித் தருவதும் இவ்வகையில் சேரும். ஏழைப் பிள்ளைக்குப் பழைய டயரும் தடியும் போதும், அதுதான் உண்மையான விளையாட்டு என்று சிலாகித்து எழுதுகிறவர்கள் தங்கள் பிள்ளைக்கு டயர் கொடுப்பதை நான் கண்டதில்லை. நம் பிள்ளைக்கும் கடைச் சாமானில் ஆசை வரும். அந்த ஆசையை ஆண்டுக்கு எத்தனை முறை, எவ்வளவுக்கு நிறைவேற்றுவது என்று திருவிழாவுக்கு முன்பே பேசி முடிவு செய்வது நல்லது.

பெரியவர்களின் பொழுதுபோக்கில் பூச்செடிக்குச் செலவு குறைவு. கிளை ஒடித்துப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியே லயத்து வாசல்கள் டேலியாவாலும் ரோசாவாலும் நிறைந்திருக்கின்றன. இளைஞர்களின் மென்பந்து கிரிக்கெட்டுக்கும், மாசியில் காமன் கூத்துக்குத் தப்பைப் புதுத் தோல் போட்டுக் கட்டுவதற்கும் உண்மையாகவே காசு வேண்டும். இவர்கள் கேட்கும்போது வீட்டில் காசில்லை என்கிறோம். அவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

நம் குழுக்களின் கடன் விண்ணப்பத்தில் மருந்து, கல்வி, வீடு திருத்தம், சுயதொழில் என்று காரணங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒரு பையன் மட்டை வாங்க வேண்டுமென்றாலும் தாய் 'கல்வி' என்று பொய் எழுதித்தான் கடன் எடுக்கிறாள். விளையாட்டும் கலையும் என்று இன்னொரு காரணத்தை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொகை சிறியதாக இருக்கட்டும். வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கொடுக்கலாம். தவணைகளைத் தீபாவளி முற்பணம் கழிகிற மாதங்களில் வைக்காதீர்கள். கொப்பியிலும் 'சில்லறை' வரிக்கு மேலே நாய்க்கொரு வரி, பிள்ளைக்கொரு வரி போட்டு, அடுத்த சம்பள நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு எழுதிப் பாருங்கள். அந்தக் கொப்பிகளை வைத்துக்கொண்டே கடனின் உச்சத் தொகையை அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம்.