அப்பா குடித்தால் மகனும் குடிப்பானா? எலி சொல்லும் கதை

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அப்பா குடிப்பவர். செரடோனின் குறைவாக இருந்தால் குடிப்பழக்கம் பரம்பரையாக வரும், எலியில் காட்டிவிட்டார்கள் என்று படித்தேன். மாத்திரை போட்டால் தப்பிக்கலாமா?"

தம்பி, செரடோனின் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். முதலில் அந்த எலியைப் பார்ப்போம். நம் மேச்சேரிப் பக்கம் நல்ல குட்டி வேண்டும் என்று பொலிகிடா (இனப்பெருக்கத்துக்கான ஆண் ஆடு) பொறுக்குவார்களே, அதே வேலைதான். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் விஸ்டார் வகை எலிகளின் கூண்டில் இரண்டு புட்டி மாட்டினார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் 10 சதவீத ஆல்கஹால். எலி ஒரே பக்கம் பழகிவிடும் என்பதால் புட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் குடித்ததை அதிகம் குடித்ததோடும், குடிக்காததைக் குடிக்காததோடும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். கடைசியில் ஒரு வம்சம், பக்கத்தில் தண்ணீர் இருந்தும், நாளுக்கு எடையில் கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடித்தது. 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து குவார்ட்டர்! எலியின் ஈரல் நம்முடையதைவிட வேகமாக அதை எரித்துவிடும், அதனால் அப்படியே ஒப்பிட முடியாது.

அந்த வம்சத்தில், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத எலிகளின் மூளையிலேயே பல இடங்களில் செரடோனின் குறைவாக இருந்தது. ஆக, குடித்ததால் வந்த குறைவு இல்லை, பிறவியிலேயே உள்ளது. செரடோனினின் வேலையைக் கூட்டும் ஃபுளுவாக்ஸடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது குடியும் குறைந்தது. நீங்கள் படித்தது இதுவரைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பின்லாந்தில் 1960களிலேயே இதே மாதிரி வளர்த்த இன்னொரு குடிகார வம்சம் உண்டு. அதற்குச் செரடோனின் குறைவே இல்லை! அதனால் செரடோனின் ஒன்றையே பிடித்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். மனிதர்களிலும் குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரை என்கிறார்கள். அதுவும் ஒரே மரபணு இல்லை, பல சேர்ந்தது.

மாத்திரை விஷயம். செரடோனினையே விழுங்கினால் மூளைக்குள் போகாது. ஃபுளுவாக்ஸடின் மனச்சோர்வுக்கான மருந்து. எலியில் குடியைக் குறைத்த மாதிரி மனிதர்களில் நம்பும்படி குறைக்கவில்லை. நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். இன்னும் குடியைத் தொட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அந்த எலிக்கும் இரண்டாவது புட்டியை யாரோ ஒருவர்தான் மாட்டினார்.

சரி, அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து.