முனீஸ்வரன் சுருட்டு

(புதுச்சேரியில் நாட்டார் வழக்காறு குறித்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முனீஸ்வரனுக்குப் படையல் போடுபவர்கள், பொங்கலுக்கும் சாராயத்துக்கும் பக்கத்தில் ஒரு சுருட்டையும் பற்றவைத்து வைப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இதை ஆதிகாலத்து வழக்கம் என்றே சொல்லிவருகிறோம். ஆனால் புகையிலை அமெரிக்கக் கண்டங்களின் செடி. போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து 400 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

பிறந்த மண்ணில் அதற்கு இருந்த மதிப்பே வேறு. தென் அமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் வராவோ மக்கள், தெய்வங்களுக்குப் புகையிலைப் புகையே உணவு என்றும், அது கிடைக்காவிட்டால் அவை மனிதரை வருத்தும் என்றும் நம்புவதால், அவர்களுடைய மந்திர வைத்தியர் நீண்ட சுருட்டைப் புகைத்துத் தெய்வத்தின் பசியை ஆற்றுகிறார். பெரு நாட்டு அமேசான் காடுகளிலோ, மாப்பாச்சோ என்னும் காரமான புகையிலையின் புகையை நோயாளியின் உச்சந்தலையிலும் நோவுள்ள இடத்திலும் வைத்தியர் பாடிக்கொண்டே ஊதுகிறார். வட அமெரிக்கப் பழங்குடியினர் பலர் மூலிகை பறிக்குமுன் ஒரு சிட்டிகைப் புகையிலையை மண்ணில் இட்டு வேண்டுகிறார்கள். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல, பெரியவர்களிடம் உதவி கேட்கப் போகிறவர்கள் புகையிலையைக் கொடுத்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

இந்த வழிபாடு கப்பலேறவில்லை, இலை மட்டுமே ஏறியது. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560 வாக்கில் அதை மருந்தென்றே பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பினார்; நிக்கோட்டின் என்னும் பெயர் அவரால் வந்தது. ஐரோப்பாவில் விரைவிலேயே அது வெறும் சரக்காகிவிட்டது. யாரும் சொல்லித்தராமலே அதைச் சாமிக்குப் படைத்த நம் முன்னோரின் மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதிலும் ஒரு வரையறை இருந்தது: சைவப் படையல் ஏற்கும் அய்யனாருக்குச் சுருட்டு இல்லை, காவல் தெய்வங்களுக்கே உண்டு. சாமி இறங்கியவர் சுருட்டு கேட்பதுண்டு என்றாலும், மந்திரிப்பவர் நோயுற்ற பிள்ளைக்குத் தருவது புகையல்ல, வேப்பிலையடியும் திருநீறும்தான்.

படையலில் இருக்கிறது என்பதற்காகப் புகையிலையை மருந்தென்று யாரும் வாதிட வேண்டாம். ஈரமான புகையிலையைக் கையால் பறிக்கும் கூலியாட்களுக்கே தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. சடங்குக்கு உரியது வேறு, கடைச் சிகரெட் வேறு என்று அமெரிக்கப் பழங்குடிப் பெரியவர்களே தம் இளைஞர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தச் சாமிக்குச் சுருட்டு, யார் பற்றவைப்பது, எரிந்து மீந்த துண்டை என்ன செய்வது என்பதையெல்லாம் நம் பூசாரிகளிடம் கேட்டு ஊர்வாரியாக எழுதி வையுங்கள்.