பிளேட் வெச்ச பிறகும் ஏன் காலை ஊனக் கூடாது?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி அனுப்பியிருக்கார், அப்படியே படிக்கிறேன். "டாக்டர், அப்பாவுக்கு 52 வயசு. வண்டியில இருந்து விழுந்து முட்டிக்குக் கீழ எலும்பு உடைஞ்சு, பிளேட் வெச்சு இன்னையோட 24 நாள். காலைக் கீழ ஊனவே கூடாதுங்கிறாங்க. ஆனா முட்டியை மடக்குங்க, மடக்குங்கன்னு பிசியோதெரபிஸ்ட் உயிரை எடுக்கிறார். வலி தாங்காம அப்பா மடக்க மாட்டேங்கிறார். இரும்பு பிளேட்டே வெச்சாச்சு, ஏன் நடக்கக் கூடாது? பிளேட்டை எப்போ எடுக்கணும்?"

தம்பி, பிளேட் வெச்சது சீக்கிரம் நடக்கிறதுக்குன்னு நீங்க நினைக்கிறீங்க. முட்டிக்கிட்ட வைக்கிற பிளேட் சீக்கிரம் மடக்குறதுக்கு. இது புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சிரும்.

கால் எலும்போட மேல் முனை ஒரு மேடை மாதிரி தட்டையா இருக்கும். அது மேல தொடை எலும்போட ரெண்டு உருண்டை உக்காந்திருக்கு. வண்டியில இருந்து விழும்போது அந்த உருண்டை சுத்தியல் மாதிரி மேடையில இறங்கும். மேடை பிளக்கும், இல்ல அமுங்கும். வெந்த இட்லியில கட்டை விரலை வெச்சு அமுக்குங்க, அப்படித்தான் குழி விழும். உள்ள இருக்கிறது ஸ்பாஞ்ச் மாதிரி எலும்பு. இந்த மாதிரி வீங்கின முட்டியில ஊசி போட்டு ரத்தம் எடுத்து கிண்ணத்துல விட்டா, மேல எண்ணெய் மிதக்கும், கறிக்குழம்புல மிதக்கிற மாதிரி. எலும்பு மஜ்ஜையில இருந்து வந்த கொழுப்பு அது. அதைப் பாத்தாலே, எக்ஸ்ரேல தெரியாட்டிகூட உள்ள எலும்பு உடைஞ்சிருக்குன்னு சந்தேகப்பட்டு சி.டி. எடுத்துருவோம்.

கால் நடு எலும்பு லேசா கோணலா சேந்தாக்கூட உடம்பு சமாளிச்சுக்கும். மூட்டு மேடை அப்படி இல்ல. சில மில்லிமீட்டர் படி விழுந்தாலே மூட்டு தேய ஆரம்பிக்கலாம். மாவுக்கட்டால அமுங்கின துண்டை மேல தூக்க முடியாது, புத்தூர் கட்டாலயும் முடியாது. விலகாத விரிசலா இருந்தா மாவுக்கட்டு போதும், அது வேற கதை. அமுங்கினதை நாங்க கீழ இருந்து நெம்பித் தூக்குவோம். தூக்கின இடத்துல பொந்து இருக்கும், அதுல பெரும்பாலும் இடுப்பு எலும்புல இருந்து எடுத்த துணுக்கை அடைப்போம். அப்புறம் ஓட்டு வீட்டுல ஓட்டுக்கு அடியில ரீப்பர் ஓடுது பாருங்க, அதே மாதிரி மேடைக்கு அடியில வரிசையா ஸ்க்ரூ ஓட்டி, பக்கவாட்டுல பிளேட் கொடுப்போம். இப்போ வர்ற ஸ்க்ரூவுக்கு தலையிலயும் மரை இருக்கு. அது பிளேட்டோட பூட்டிக்கும், ஆடாது.

இவ்வளவு பாடும் எதுக்கு? முட்டி அசையணும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் தண்ணிதான் அதுக்குச் சாப்பாடு, அசைச்சாத்தான் அது ஊட்டும். அசைக்காம வெச்சா மூட்டுக்குள்ள தழும்பு மாதிரி வளந்து ஒட்டிக்கும். மூணு மாசம் கழிச்சு முட்டி கட்டை மாதிரி ஆன பிறகு வந்தா, மயக்க ஊசி போட்டு மடக்க வேண்டியிருக்கும், சில பேருக்கு இன்னொரு ஆபரேஷனே. அப்பாகிட்ட சொல்லுங்க, நாற்காலியில உக்காரவே 90 டிகிரி மடங்கணும். நம்ம ஊர்ல சம்மணம் போடணும், குத்த வெச்சு உக்காரணும், அதுக்கு இன்னும் எவ்வளவோ போகணும். பிசியோவுக்கு அரை மணி முன்னாடி, உங்க டாக்டர் எழுதின வலி மாத்திரையைக் கொடுங்க. பாதி சண்டை அங்கயே தீந்துரும்.

இப்போ நடக்கிறது. ஒரு அடி எடுத்து வெச்சா முட்டி மேல உடம்பு எடை மாதிரி ரெண்டு மூணு மடங்கு இறங்கும். கீழ அடைச்ச எலும்பு இன்னும் சேரல, தூக்கின மேடை திரும்ப இறங்கிரும். பிளேட்டும் உடையும் தம்பி. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினா ஒடியுது இல்லையா? எலும்பு சேர்றதுக்கும் பிளேட் களைச்சுப் போறதுக்கும் ஒரு ஓட்டப்பந்தயம். வாக்கர் வெச்சு, அந்தக் காலை ஊனாம பாத்ரூம் போகலாம். பெரும்பாலும் 6 வாரத்துல இருந்து 12 வாரத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஊன விடுவாங்க. அந்தத் தேதியை எக்ஸ்ரே பாத்து உங்க சர்ஜன்தான் சொல்லணும், யூடியூப்ல நான் சொல்ல முடியாது. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, எலும்பு சேர்றதைத் தள்ளிப்போடும். கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா, தையல்ல நீர் கசிஞ்சா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.

பிளேட்டை எடுக்கிறதா? தொந்தரவு இல்லன்னா எடுக்க வேண்டியதில்ல. ஒல்லியா இருக்கிறவங்களுக்குத் தோலுக்கடியில தட்டுப்படும், உறுத்தும், அவங்க கேட்டா ஒண்ணரை வருஷம் போல விட்டு எடுப்போம். எடுத்த உடனே ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் காலியா இருக்கும், அது தூர்ற வரைக்கும் எலும்பு பலவீனம்தான். போன மாசம் ஒருத்தர், ஏர்போர்ட்ல மெஷின் கத்துதுன்னு எடுக்கச் சொல்லி வந்தார். எக்ஸ்ரேவை போன்ல வெச்சுக்குங்க, கேட்டா காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.