ஜாக்கி எட்வர்ட்ஸின் பாட்டு

நண்பர்களே, வணக்கம்.

1966 ஜனவரி. பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் வாரக்கணக்காக முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸைக் கீழே இறக்கிவிட்டு ஒரு பாட்டு மேலே ஏறுகிறது. பெயர் ‘கீப் ஆன் ரன்னிங்’. ஸ்பென்சர் டேவிஸ் குரூப் வெளியிட்டது. பாடிய ஸ்டீவ் வின்வுடுக்கு அப்போது 17 வயது. மூன்றே மாதத்தில் அதே குழுவின் ‘சம்படி ஹெல்ப் மீ’யும் முதலிடம் பிடித்தது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே: ஜமைக்காவில் பிறந்த ஜாக்கி எட்வர்ட்ஸ்.

அவர் பாட்டு எழுதுபவர் மட்டுமென்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் அவர் பெரிய பாடகர். 1960 வாக்கிலேயே அவருடைய காதல் பாட்டுகள் ஜமைக்காவில் முதலிடத்துக்குப் போயிருந்தன. மென்மையான குரலுக்குப் பேர்போன அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அவ்வளவு மென்மையான குரல். எந்த இடத்திலும் இரைந்து பாட மாட்டார்.

1962-இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் லண்டனுக்கு வந்தபோது இவரும் கூடவே வந்தார். அது சின்னஞ்சிறு நிறுவனம். பிளாக்வெல்லே காரில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய் விற்ற காலம். எட்வர்ட்ஸ் பாடினார், எழுதினார், ஜமைக்காப் பாடகி மில்லி ஸ்மாலோடு ஜோடிப் பாட்டு பாடினார். அப்புறம் இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையும் பார்த்தார். சொந்த ஊரில் முதலிடம் கண்ட பாடகர் லண்டன் தெருக்களில் இசைத்தட்டுக் கட்டோடு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

‘கீப் ஆன் ரன்னிங்’கை முதலில் 1965-இல் அவரே பாடிப் பதிவு செய்திருந்தார். ஆனால் அவர் பெயரில் வந்த எந்தத் தட்டும் பிரிட்டனில் அந்த உயரத்தைத் தொடவில்லை. ஏன்? 1964-இல் மில்லியின் ‘மை பாய் லாலிபாப்’ இரண்டாமிடம் வரை போனது. ஜமைக்காக்காரர் என்றால் ஸ்கா என்கிற துள்ளலான ஜமைக்கா இசையைத்தான் பாட வேண்டும் என்று அதற்குப் பிறகு ஓர் எதிர்பார்ப்பு படிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். மெதுவாக உருகிப் பாடுகிற ஜமைக்கா பாடகருக்கு அங்கே இடம் இல்லை.

எழுபதுகளில் ஜமைக்காவின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பன்னி லீயோடு சேர்ந்து நிறையப் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1992-இல் காலமானார்.

சரி, இப்போது ‘கீப் ஆன் ரன்னிங்’கை இரண்டு பேர் குரலிலும் ஒவ்வொரு முறை போடப் போகிறேன். வின்வுட் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். அதனால் முதலில் எட்வர்ட்ஸ்.