படத்தில் இருப்பவர் முதலில் பார்க்கட்டும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இந்தச் சுற்றுவட்டாரத்து விசேஷங்களை எடுத்துப் பழகிய ஆள். பிலிம் ரோல் காலத்தில் தொழிலுக்கு வந்தேன். ஒரு ரோலில் 36 படம். கழுவி வரும் வரைக்கும் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. இப்போது வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் கையில் கேமரா இருக்கிறது. புதிதாகப் படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். ரொம்ப காலமாக மனதில் இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

ஒரு மனிதரைப் படம் எடுத்தால், அந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான். பேஸ்புக்கில் இருக்கிறவர்கள், இன்ஸ்டாகிராமில் இருக்கிறவர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற மாமா, சித்தப்பா எல்லாரும் அவருக்கு அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்டுடியோவுக்கு அடிக்கடி வருகிற வேலை ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் தவறிப்போன மறுநாள் மகனோ பேரனோ வந்து நிற்பார்கள். "காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேணும்ணே" என்பார்கள். படம் கொடுங்கள் என்றால் போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். சாப்பிட்ட பிரியாணி இருக்கும், ஏலகிரி போன படம் இருக்கும், வாங்கின வண்டி இருக்கும். தாத்தா இருக்கமாட்டார். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்துப் படம் கிடைக்கும். மேடையில் முப்பது பேர். தாத்தா பின்வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், முக்கால் முகத்தோடு. அதுவும் குரூப் குரூப்பாகச் சுற்றி வந்த படம். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் மீசை எது, நிழல் எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவை வைத்துத் தெளிவாக்கலாமே என்று கேட்பார்கள். தெளிவாகும். ஆனால் படத்தில் இல்லாத இடத்தை அது தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. வருவது வேறு ஒரு தாத்தா. பாட்டி பார்த்துவிட்டு, "இது அவரு இல்லப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அதனால் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளே, முதல் பாடத்தை வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் ஆரம்பியுங்கள். மலைக்குப் போக வேண்டாம், புது போன் வேண்டாம். காலையில் ஏழு, எட்டு மணிக்கு, அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வாசற்படிக்கு ஒரு முழம் உள்ளே பாட்டியை உட்கார வையுங்கள். முகம் தெருவைப் பார்க்கட்டும். நீங்கள் வாசலில், வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். வாசலில் வெயில் நேராக அடிக்காத வேளையாகப் பார்த்துக்கொண்டால், வெளிச்சம் மட்டும் பரவலாக வரும் இடம் அது. முகத்தில் பாதி பளிச்சென்றும் பாதி இருட்டாகவும் ஆகாது. எங்கள் ஸ்டுடியோவில் குடை விளக்கு வைத்து உண்டாக்குகிற வெளிச்சம், உங்கள் வீட்டு வாசற்படியில் சும்மா கிடைக்கிறது. எடுப்பதற்கு முன்னால் போன் லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். நம் ஊர் வியர்வையில், சட்டைப் பையில் கிடந்த லென்ஸ் எப்போதும் மசமசவென்றுதான் இருக்கும். படம் புகை படிந்தாற்போல் வருகிறது, போன் பழசாகிவிட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுப்பது அந்தத் துடைப்பு ஒன்றுதான்.

நடுப்பகல் வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வேலூர் இருக்கிற இடத்துக்குச் சித்திரையில் ஒரு தடவையும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு தடவையும் உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் புருவத்தின் நிழல் கண்ணில் விழுகிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. எவ்வளவு லட்சணமான முகமாக இருந்தாலும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

வேலூர்க் கோட்டைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பதினோரு மணிக்குப் போய் அகழிக் கரையில் நின்று எடுத்துவிட்டு, கல்லெல்லாம் வெளுத்துப்போய் வருகிறதே என்பார்கள். அதே கருங்கல் மதிலை விடிந்த கொஞ்ச நேரத்தில் போய்ப் பாருங்கள். வெயில் பக்கவாட்டில் படும்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும். காற்று எழும்புவதற்கு முன்னால் அகழித் தண்ணீரில் மதில் தலைகீழாகத் தெரியும். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரை வீரனும் இருக்கிறார்களே, அவற்றுக்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான் உயிர். படம் எடுக்கலாமா என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

போனில் ஒரே ஒரு வித்தை கற்றுக்கொண்டால் போதும் என்பேன். திரையில் முகம் இருக்கிற இடத்தை விரலால் தொடுங்கள். போன் அந்த முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை அளந்துகொள்ளும். பல போன்களில் தொட்ட இடத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதைத் தள்ளினால் படத்தின் வெளிச்சம் கூடும், குறையும். நம் தாத்தாக்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. போன் அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். முகத்தைத் தொட்டுவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

முகம் கறுப்பது என்று சொன்னதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பியூட்டி என்று போனில் ஒன்று இருக்கிறது. பல போன்களில் வாங்கும்போதே போட்டு வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். அது தோலை வெளுக்கிறது, சுருக்கத்தை வழிக்கிறது, தாடையை இழுத்துக் கூர்மையாக்குகிறது. பிலிம் காலத்தில் கொடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய வண்ணம் சரிபார்க்கிற அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருக்கும். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாருக்கும் சரி என்று வைத்திருந்தார்கள். நம் நிறத்துக்குப் பிரிண்டை மாற்றிப் போடச் சொல்லி நாங்கள் லேப்காரர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். அதெல்லாம் தீர்ந்த பிறகு, நம் கையாலேயே நம் பெண்பிள்ளைகளின் முகத்தை வெளுக்க வேண்டுமா? நிலக்கடலைக் கொல்லையில் வெயிலில் நின்ற அம்மாவின் முகம் அந்த நிறத்தோடுதான் அழகு. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

இப்போது ஒரு கூத்து விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன், காலேஜ் படிக்கிறான். நல்ல பார்வை உள்ள பிள்ளை. பள்ளிகொண்டா பக்கம் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து. அங்கே துரியோதனன் வேஷக்காரரைப் போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். ஏகப்பட்ட லைக். பெரிய பிரிண்டு போட்டுத் தரச்சொல்லி என்னிடம் வந்தான். படத்தைப் பார்த்தேன். கிரீடம் மின்னுகிறது, பின்னால் இருட்டு, நல்ல படம்தான். "இவரு பாத்தாராப்பா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, யாருன்னே தெரியாது" என்றான். இரண்டு பிரிண்டு போட்டேன். "வா, போய்க் கொடுப்போம்" என்று வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். பாரதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது.

அவர் வேஷம் கட்டும் இடத்தில் இருந்தார். கீற்றுக் கொட்டகை, தரையில் பாய், எதிரே ஒரு சின்னக் கண்ணாடி, மேலே தொங்குகிற ஒரே ஒரு பல்பு. தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரத்தை ஈர்க்குச்சியால் தொட்டுப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். பல்புக்குக் கீழே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிரீடம் ஜோரா கீது. புஜக்கட்ட ஜோரா கீது. கண்ணு எங்க நைனா?" என்றார்.

பையன் எட்டிப் பார்த்தான், நானும் பார்த்தேன். தலைக்கு மேல் விளக்கு. கிரீடத்தின் விளிம்பு நிழல் இறங்கி இரண்டு கண்ணையும் மூடியிருந்தது. அத்தனை பேர் லைக் போட்ட படத்தில், கண் இல்லை என்று முதலில் சொன்னவர் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்தான்.

"துரியோதனனுக்குக் கோவம் எங்க கீது? கண்ணுலதான கீது. அது தெரியலன்னா இது பொம்ம" என்றார். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம் தானே மோவாயைத் தூக்கிக் காட்டினார். பல்பு வெளிச்சம் கிரீடத்துக்கு அடியில் புகுந்து கண்ணில் விழுந்தது. கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னியது. "பாரு, இப்ப வந்துச்சா? திரைய எடுத்தவுடனே நான் இப்பிடித்தான் நிப்பேன். பின்பாட்டு வாங்கிப் பாடுற மட்டும் அசையமாட்டேன். அப்ப எடு. மின்னால வந்து, புள்ளைங்களோட பாயில குந்திக்கினு எடு."

இதில் தொழில் முழுவதும் இருக்கிறது, பாருங்கள். இருட்டில் போன் கேமரா ஒரு படத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும். ஆடுகிறவர் சுழன்றால் கலைந்துவிடும், அவர் நிற்கிற அந்தக் கணத்தில்தான் எடுக்க வேண்டும். கீழே உட்கார்ந்து எடுத்தால் கிரீடத்தின் விளிம்பு கண்ணை மறைக்காது. கண்ணில் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தால்தான் முகத்துக்கு உயிர். இத்தனையையும் ஒரு கூத்து வாத்தியார், கேமராவையே தொடாமல், சொல்லிக் கொடுத்துவிட்டார். படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதால் கிடைத்த பாடம் இது. லைக்கில் இது கிடைக்காது.

அன்றைக்கு ராத்திரி பையன் சின்னப் பிள்ளைகளோடு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தான். முகவீணையும் மத்தளமும் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தன, இரண்டு பேர் பிடித்திருந்த திரை விலகியது, எடுத்தான். விடியற்காலையில் அவரிடமே காட்டினான். "இது நானு" என்றார்.

அப்புறம் பையன் கேட்டான், "இத போடலாமா?" என்று. அவர் சொன்னதையும் கேளுங்கள். "போடு. எம்பேரு போடு, ஊரு போடு, ஜமா பேரு போடு. கூத்துக் கலைஞர்னு மட்டும் போட்டுட்டுப் போயிடாத." ஜமா என்றால் அவருடைய கூத்துக் குழு. பாதி அரிதாரத்தோடு இருந்த படம் ஒன்றும் அவனிடம் இருந்தது, கலை என்று நினைத்து எடுத்தது. "இது வேணாம். வேஷம் முடியாம ஜனங்க முன்னால நான் வரமாட்டேன்" என்றார். அங்கேயே அழித்துவிட்டான். அந்தப் பேரும் ஊரும் போட்ட படத்தைப் பார்த்துத்தான், அடுத்த ஆடி மாதத்துக்கு ஓர் ஊர்க்காரர்கள் தேடி வந்து முன்பணம் கொடுத்து நாள் குறித்தார்கள்.

திரும்பவும் சொல்கிறேன், எடுத்ததை முதலில் அவரிடம் காட்டுங்கள். எருது விடும் விழாவில் மாட்டோடு நிற்கிறவரை எடுத்தாலும் சரி, வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் வேண்டுதலோடு வருகிற அம்மாவை எடுத்தாலும் சரி. கூட்டத்தில் கேட்க முடியாவிட்டால், அப்புறமாவது பக்கத்தில் போய்த் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். முகம் மலர்ந்தால் உங்களுக்கு அனுமதி. முகம் சுருங்கினால் அந்தப் படம் போனோடு நிற்கட்டும்.

சில இடத்தில் கேட்கவே வேண்டாம், எடுக்காமல் இருந்துவிட வேண்டும். வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஸ்கேன் பை, மொழி தெரியாத ஊர், நடைபாதையில் அசந்து தூங்குகிற அப்பா. அது நல்ல படமாகத் தோன்றும். அந்த மனிதருக்கு அது வாழ்க்கையின் மோசமான நாள். வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். பகிர்வதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசேஷத்துக்கு நாற்பது படம் போடாதீர்கள், நல்லதாக இரண்டு மூன்று போதும். சின்னப் பிள்ளைகளைப் பள்ளிச் சீருடையோடு, பள்ளிப் பெயர் தெரிகிற மாதிரி போடவே போடாதீர்கள். கேமரா அமைப்பில் இருப்பிடம் என்று ஒன்று இருக்கும். போட்டு வைத்திருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வீட்டில் எடுக்கிற படத்துக்கு அதை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். பிரிண்டு போட வேண்டியதை டாக்குமென்டாக அனுப்புங்கள், முழுப் படமும் வரும். ஆனால் அப்படி அனுப்பும்போது இருப்பிடமும் கூடவே போகும், அதனால் தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். நாலுக்கு ஆறு பிரிண்டுக்கு 1200-க்கு 1800 புள்ளி போதும், உங்கள் போன் அதைவிடப் பல மடங்கு எடுக்கும். அதனால் நல்ல கேமரா வாங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பிரிண்டு போட்டதும் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதிவிடுங்கள். பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல இருந்தேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.