‘ப்ளீஸ்’ போட்டால் கட்டளை வேண்டுகோள் ஆகிவிடுமா?

நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் சொல்வளச் செல்வர்களே, அவையோரே, வணக்கம்.

அலுவலக ஆங்கிலத்துக்கு மரியாதையைத் தருவது சொற்களா, வாக்கிய அமைப்பா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் கையில் ஒரு பட்டியலோடு வந்தார். ‘கைண்ட்லி’, ‘ரிக்வெஸ்ட்’, ‘அப்ரிஷியேட்’, ‘ரிகார்ட்ஸ்’... இப்படி நூறு சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், எந்த மேலதிகாரியும் முகம் சுளிக்க மாட்டார் என்றார். அந்தப் பட்டியலின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

‘செண்ட் த ரிப்போர்ட்.’ இது கட்டளை. ‘கைண்ட்லி செண்ட் த ரிப்போர்ட்.’ இதுவும் கட்டளைதான், பூ வைத்துக்கொண்டு வந்த கட்டளை! வினைச்சொல் ஏவுகிற நிலையிலேயே நிற்கிறது. இப்போது இதைக் கேளுங்கள்: ‘குட் யூ செண்ட் மீ த ரிப்போர்ட் பை ஃபோர்?’ இதில் ‘கைண்ட்லி’ இல்லை, ‘ப்ளீஸ்’ கூட இல்லை. ஆனால் வாக்கியம் கேள்வியாகிவிட்டது. ‘நாலு மணிக்கு முடியாது, ஐந்துக்குத் தருகிறேன்’ என்று சொல்ல அவருக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. அந்த வாசலுக்குப் பெயர்தான் ஐயா மரியாதை.

நம்மவர்கள் ஏன் ‘ப்ளீஸ்’ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்? தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதோடு ‘ங்கள்’ சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த வால் எங்கே என்று தேடி, கிடைக்காமல், ‘ப்ளீஸ்’ஸை எடுத்து ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘தவ்’ என்று ஒருமையும் ‘யூ’ என்று மரியாதைப் பன்மையும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் ‘தவ்’ பொது வழக்கிலிருந்து மங்கிப்போய், எல்லோருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டது. ‘நீ’யையும் ‘நீங்கள்’ளையும் பிரித்துக்காட்ட முடியாத மொழியில் மரியாதை வேறு எங்கே குடியேறும்? ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’ என்கிற துணைவினைகளிலும், கேள்வி வடிவத்திலும், காலம் காட்டும் முறையிலும் குடியேறிவிட்டது.

காலம் என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ என்றால் மேசையைத் தட்டிக் கேட்பது போல. ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ என்றால் ஒரு படி இறங்கிவிட்டது. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்’ என்றால் இன்னும் மென்மை. கேட்பது இப்போதுதான், நேற்றல்ல. ஆனாலும் இறந்தகாலம் ஏன்? இங்கே அது நேரத்தைக் காட்டவில்லை, இடைவெளியைக் காட்டுகிறது. எதிரணியின் சொற்பட்டியலில் இது எந்த எண்ணில் இருக்கிறது? இருக்காது, ஏனென்றால் இது சொல்லே அல்ல.

எவ்வளவு மென்மை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் பணிவுமொழி பற்றி எழுதியது இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஆங்கிலம் ஒன்று, தமிழ் இன்னொன்று! அவர்கள் சொன்ன அளவுகோல்கள் மூன்று: இருவருக்கும் உள்ள பழக்கம், பதவி வித்தியாசம், கேட்கிற காரியத்தின் பாரம். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு கோப்பு கேட்க ‘கேன் யூ செண்ட் மீ தட் ஃபைல்?’ போதும். முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்பதானால் ‘வுட் இட் பி பாசிபிள் டு மூவ் த டெட்லைன் டு மன்டே?’ வரை போக வேண்டும். இரண்டிலும் ‘ப்ளீஸ்’ இல்லை, சட்டகம்தான் மாறுகிறது. இதைத் தலைகீழாகச் செய்தாலும் ஆபத்து: சின்ன விஷயத்துக்கு மிகப் பணிந்தால், ‘இவன் கிண்டல் செய்கிறானோ’ என்று தோன்றிவிடும்.

பிழை சுட்டும் இடத்துக்கு வருவோம். உறவு முறிவது பெரும்பாலும் இங்கேதான். ‘யூ டிட் நாட் அட்டாச் த ஃபைல்’ என்று எழுதினால் விரல் நீட்டியது போல் இருக்கிறது. எழுவாயை மாற்றுங்கள்: ‘த ஃபைல் டஸன்ட் சீம் டு பி அட்டாச்ட்.’ ஆளுக்குப் பதில் கோப்பு முன்னே வந்து நிற்கிறது, ‘சீம்’ என்பது ‘என் கண்ணிலும் தவறு இருக்கலாம்’ என்கிறது. ‘யூ ஆர் ராங்’ என்பதற்கு ‘ஐ திங்க் தேர் மே பி எ மிஸ்டேக் இன் த செகண்ட் டேபிள்’. கவனியுங்கள், ‘மிஸ்டேக்’ என்ற கடுமையான சொல் அப்படியே இருக்கிறது, யாரும் கோபிக்கப் போவதில்லை.

மறுப்புக்கும் இதே கதை. ‘நாட் பாசிபிள்’ என்று இரண்டு சொல்லில் கதவைச் சாத்துகிறோம். ‘ஐ'ம் அஃப்ரெய்ட் வீ கான்ட் டூ ஃபிரைடே, பட் வீ குட் டெலிவர் ஆன் மன்டே’ என்றால் வருத்தம், மறுப்பு, மாற்றுவழி மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மாற்றுவழி இல்லையென்றால் காரணமாவது சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாத மறுப்பில் எத்தனை ‘சாரி’ போட்டாலும் ஒட்டாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில இடங்களில் சொல்லே காலை வாரும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நாம் எழுதுவது ‘ஒரு சந்தேகம் கேட்கணும்’ என்ற பொருளில். வெளிநாட்டுக்காரர் பலருக்கு அது ‘உன் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை’ என்று படும். அங்கே ‘கொஸ்டின்’தான் சரி. ‘டூ த நீட்ஃபுல்’ என்பதும் அப்படித்தான், பழைய கோப்புகளின் வாசனை. என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்வதில்லை. சரி, எதிரணிக்கு இந்த இரண்டு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் நடுவர் அவர்களே.

ஆனால் ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்பதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? சொல்லிலேயே மரியாதை இருக்கிறது! ஆனால் அதைக் கேட்டதும் ஆங்கிலம் பழகியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், அடுத்து அடி விழப்போகிறது என்று. ‘ஆஸ் பர் மை லாஸ்ட் ஈமெயில்’ என்பதில் ஒரு கெட்ட சொல் உண்டா? இல்லை. ஆனால் ‘படிக்கவே மாட்டாயா’ என்று பலர் காதில் விழுகிறது.

அமைப்பை அரைகுறையாகக் கற்றாலும் சிக்கல்தான், மறைக்கவில்லை. ‘குட் யூ டெல் மீ வேர் இஸ் த ஃபைல்?’ தவறு, உள்ளே போன கேள்வி நேராக நிமிர வேண்டும்: ‘வேர் த ஃபைல் இஸ்’. இன்னொன்று, எல்லா இடத்திலும் குழையக் கூடாது. சர்வர் நின்றுபோன நேரத்தில் ‘ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங்’ என்று ஆரம்பித்தால் அவசரமே தெரியாது. அங்கே ‘த சர்வர் இஸ் டவுன். ப்ளீஸ் ரீஸ்டார்ட் இட் நவ்’ என்பதுதான் சரி. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று பணிவாக எழுதிவிட்டு நாளைக்கே பதிலை எதிர்பார்ப்பதும் வீண். ‘பை தர்ஸ்டே நூன், இஃப் பாசிபிள்’ என்று நாளும் வேளையும் சொல்லலாம்.

பயிற்சிக்கு அகராதி வேண்டாம். நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து மின்னஞ்சல்களை எடுங்கள். வினையில் தொடங்கும் வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். ‘ப்ளீஸ்’ முன்னால் நின்றாலும் விடாதீர்கள். ஒவ்வொன்றையும் மூன்று அளவுகோலில் வைத்துப் பார்த்து, பாரமானவற்றை மட்டும் கேள்வியாக்குங்கள். ‘யூ’வில் தொடங்கும் குறைகளில் எழுவாயை மாற்றுங்கள். புதுச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படாது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘வுட் யூ மைண்ட் அக்செப்டிங் அவர் சைட்?’ அவசரப்பட்டு ‘நோ’ என்று சொல்லிவிடாதீர்கள் ஐயா, இந்த அமைப்பில் அதற்கு ‘ஆட்சேபணை இல்லை, ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பொருள். நன்றி, வணக்கம்.